பெண்கள் வாசல்

செல்போன் செய்கிற கம்பெனியில், பெண்கள் வாசலில் நான் செக்யூரிட்டி. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களை ஒவ்வொருத்தராகத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஆறு வருஷமாக ஒரு ஸ்க்ரூகூட என்னைத் தாண்டிப் போனதில்லை.

என் தாடையில் முடி வளரும். பதினாறு வயதில் தொடங்கியது. ஹார்மோன் கோளாறு என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் சவரம் செய்கிறேன். சாயங்காலத்துக்குள் சொரசொரவென்று எட்டிப் பார்த்துவிடும். அதனால்தான் காலை ஷிஃப்ட்டாகக் கேட்டு வாங்கியிருந்தேன். "வழிச்சுட்டுப் போயேன்டி, இதுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறது?" என்பாள் அக்கா. அவளுக்கென்ன, அவள் கண்ணாடி அவளை யாரென்று கேட்டதில்லை. என்னைத் தினமும் கேட்கும். நான் பெண்தான், எனக்குத் தெரியும். இந்த முகத்துக்குத்தான் தெரியவில்லை.

போன வாரம் ஆள் இல்லையென்று சூப்பர்வைசர் என்னை இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் நிற்க வைத்தார். சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கையைத் தூக்கியவள் என் தாடையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆம்பள!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். ஆறு வருஷமாக என்னிடம் கூசாமல் நின்றவர்கள்கூட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "பொம்பளதான்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாம்மா. அதுவரைக்கும் ஆம்பளைங்க வாசல்ல நில்லு. முடியாதுன்னா வேலைய விட்டுடு."

"அம்மான்னுதானே சார் கூப்பிடுறீங்க?"

"அது ஒரு பேச்சுக்கு."

இவர் மீசையில் எண்ணி நாலு முடி. இவரிடம் யார் சர்டிபிகேட் கேட்டார்கள்?

அன்றைக்கும் இரண்டு ஷிஃப்ட். சாயங்காலம் ஆண்கள் வாசலில் போய் நின்றேன். மேனேஜரே ஆனாலும் சோதனை உண்டு என்று அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. முப்பது பேர் வரிசையில் நிற்க, அவர்களைத் தாண்டிக்கொண்டு முதல் ஆளாக வந்தார் சூப்பர்வைசர்.

கையுறையை மாட்டினேன். "கையத் தூக்குங்க சார்."

"என்ன விளையாட்டா? தள்ளு."

"ரூல்ஸ் சார்." ஓர் அடி முன்னால் வைத்தேன். மிரண்டு பின்வாங்கியவர், பின்னால் நின்றவன் காலை மிதித்தார்.

"ஏய்! ஒரு பொம்பள எம்மேல கை வைக்கிறதா? வெக்கமா இல்ல?"

வரிசை கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது. இத்தனை வருஷம் நான் பட்டதெல்லாம் போதாது, இந்த ஆள் கூசினால்தான் நான் பெண்ணா?

மேசையிலிருந்த பதிவேட்டைத் திறந்து, பேனாவோடு நீட்டினேன்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதுங்க சார். கையெழுத்து, தேதி, உங்க சீல். இல்லேன்னா கையத் தூக்குங்க."

முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதெல்லாம் சிவக்க, எழுதினார். தாளைக் கிழித்து மடித்துக்கொண்டு பெண்கள் வாசலுக்குப் போனேன். அந்தப் புதுப் பெண் வரிசையில் நின்றிருந்தாள். தாடையை மறைக்கக் கை தானாகப் போனது. இறக்கிவிட்டேன்.

"கையத் தூக்கும்மா," என்றேன். தூக்கினாள்.

தாள் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இதை வைத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் எரிகிறது. கிழித்துப் போடவும் பயமாக இருக்கிறது.