முட்டுக்கட்டையின் சம்மதம்

எங்கள் குழுவில் என் கணவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். வைத்தபோது அவர் என் கணவர் இல்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, நான் எழுதி வந்த ஒவ்வொரு வரிக்கும் கை தூக்குகிற ஒரு மனிதர். இந்த ஆளோடு ஒரு கூட்டத்தை ஓட்டுவதே பெரும்பாடு என்று தோழியிடம் புலம்பியிருக்கிறேன். பிறகு ஆயுளுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் ‘நீங்க’, வீட்டில் ‘நீ’ என்று வைத்துக்கொண்டோம். சண்டை சூடு பிடித்தால் கூட்டத்திலும் ‘நீ’ வந்துவிடும். மற்றவர்கள் அப்போது எதையோ மும்முரமாகப் படிப்பதுபோல் குனிந்துகொள்வார்கள்.

கணினிகளின் இயங்குதளம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதும் குழு அது. கணினியை யார் செய்தாலும் இந்த விதிப்படி செய்தால், ஓரிடத்தில் எழுதிய நிரல் இன்னோரிடத்திலும் ஓடும். சம்பளம் கிடையாது, சண்டை தாராளமாகக் கிடைக்கும். என் பொறுப்பில் இருந்த பகுதிக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப்பெயர் ‘நடை’. கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னும் பல என்று கிளை விட்டுக்கொண்டே போகுமல்லவா, அதில் மேலே தொடங்கி ஒன்று விடாமல் நுழைந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வேலை. நகல் எடுக்கிற நிரல், வைரஸ் தேடுகிற நிரல், இடம் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிற நிரல் எல்லாம் இந்த நடையை நம்பித்தான் பிழைக்கின்றன.

நடக்கிற வழியில் ஒரு கோப்புறை திறக்கவில்லை. உள்ளே போக அனுமதி இல்லை. தாண்டிப் போய்விடலாம், அதில் யாருக்கும் தகராறு இல்லை. எல்லாம் முடிந்து திரும்பி வந்தபின் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதில்தான் தகராறு. பழைய விதி அந்த இடத்தில் மென்று விழுங்கியிருந்தது. நான் என் திருத்தத்தில் உடைத்து எழுதினேன்: சில கோப்புறைகளுக்குள் போக முடியாவிட்டாலும் நடை ‘வெற்றி’ என்றே பதில் தரலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரல்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் எதிர்பார்க்கின்றன. மாற்றினால் நேற்றுவரை ஒழுங்காக இருந்தவையெல்லாம் திடீரென்று தோல்வி, தோல்வி என்று அலறும்.

குழு முழுக்க என் பக்கம். அவர் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார்.

“உள்ளயே போகலையே, அப்புறம் எப்படி வெற்றி?” என்பார், பாத்திரம் துடைத்துக்கொண்டே.

“நடுவுல ஒரு குறி காட்டுதுல்ல, இது திறக்கலைன்னு? அத கவனிக்காதவன் தப்பு.”

“எவன் கவனிக்கிறான்? எல்லாரும் கடைசி பதிலத்தான் பாக்கறாங்க. கதவு திறக்கலைன்னா திறக்கலைன்னு சொல்லு. எல்லாத்தையும் பாத்துட்டேன்னு வந்து நிக்காத.”

“பழைய நிரலெல்லாம் உடைஞ்சு போகும். உன் பிடிவாதத்துக்கு உலகம் பலியா?”

“உடையட்டும். உடைஞ்சாத்தான் பாப்பான்.”

இப்படியே வருஷங்கள் ஓடின. கடைசியில் அவர் முறைப்படி எழுத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தார். மனைவி எழுதியதை எதிர்த்துக் கணவர் கொடுத்த மனு என்று குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடி முன்னால் அப்படியே சரிந்தார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக் குழாய் அடைப்பு. ஆஸ்பத்திரியில் உயிரோடு திருப்பித் தந்தார்கள், அதுவரைக்கும் நன்றி. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு வார்த்தை தவிர.

“சரி” என்பார். சாப்பிடலாமா என்றாலும் சரி, ஜன்னலைச் சாத்தவா என்றாலும் சரி, வலிக்கிறதா என்றாலும் சரி. ஆயுள் முழுக்க எதற்கும் சரி சொல்லாத மனிதர்.

அவர் தங்கை பார்க்க வந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினாள். ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னார். போகும்போது வாசலில் என்னிடம், “அண்ணி, சின்ன வயசுலேர்ந்து அண்ணன் என் பேச்ச கேட்டதே இல்ல. இப்பத்தான் கேக்கறாரு” என்று சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, கோப்பையைக் காட்டுங்கள் என்பாள். அவர் சாவியைக் காட்டுவார். இது சாவியா என்பாள், சரி என்பார். இது குதிரையா? அதற்கும் சரி. தலையாட்டுவதையும் நம்ப முடியவில்லை, ஆம் இல்லை இரண்டுக்கும் ஒரே ஆட்டம்தான்.

“நம்ம பேசறது அவருக்குப் புரியுதா?” என்று அவளை நேராகவே கேட்டேன்.

“சில பேருக்கு எல்லாமே புரியும் மேடம், வாயில மட்டும் வராது. சில பேருக்குப் புரியறதே போயிடும். சார் எந்தப் பக்கம்னு இப்போதைக்கு என்னால சொல்ல முடியல.”

அவளால் முடியாததை நானே சோதித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, “நான் குரங்கா?” என்றேன். சரி என்றார். “உன் எதிர்ப்பு முட்டாள்தனம்தானே?” சரி. முன்பெல்லாம் இதற்குப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார். நான் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், உள்ளே யாரும் இல்லை என்று. அப்படி முடிவு செய்தபின் வேலை சுலபமாகிவிட்டது. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துடைப்பதும் கை பாட்டுக்குச் செய்தது. கேள்விகளைக் கேட்பதுகூட பழக்கதோஷத்தால்தான்.

அப்போதுதான் குழுத்தலைவி கூப்பிட்டாள். எங்களைவிட ரொம்பச் சின்னவள், வெளியில் பேசும்போது அக்கா என்பாள்.

“அக்கா, நடைப் பகுதி ஒண்ணுதான் பாக்கி. சாரோட எதிர்ப்பு அப்படியே நிக்குது. எழுப்பினவங்களே வாபஸ் வாங்கணும், உங்களுக்கே தெரியும்.”

தெரியாமல் என்ன? அந்த விதியை எழுதிய கூட்டத்தில் நானும் இருந்தேன். எதிர்ப்பை எழுப்பியவர்தான் திரும்பப் பெற வேண்டும். அவர் தன் கருத்தைச் சொல்லும் நிலையில் இல்லை என்றால், இன்னொரு உறுப்பினர் அதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லி, எதிர்ப்பைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளலாம். ஏற்க ஆளில்லாவிட்டால் அது தானாக விழுந்துவிடும்.

“யாரும் ஏத்துக்கப் போறதில்ல, விழுந்துடும்” என்றாள் தலைவி. “ஆனா இவ்வளவு வருஷம் இருந்தவரு. அவரு நிலைமையச் சொல்லி அப்படித் தள்ளிவிட மனசு வரல. வீடியோவுல ஒரு நிமிஷம் வரட்டும். நான் கேக்கறேன், அவரு சரின்னு சொல்லட்டும். எல்லாரும் கை தட்டி மரியாதையா வழியனுப்பிடலாம்.”

நல்ல மனசுதான். எனக்கும் அது வசதியாக இருந்தது. என் பகுதி நிறைவேறும். அவருக்கும் ஒரு கௌரவம். ஆகட்டும் என்றேன்.

கூட்டத்தன்று அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினேன். செயலிழந்த கையைச் சட்டைக்குள் நுழைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தலை வாரி, சக்கர நாற்காலியை மேசைக்கு இழுத்து, மடிக்கணினியை அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்கள். அவரோடு தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

தலைவி எதிர்ப்பை முழுதாகப் படித்தாள். உள்ளே நுழையாத இடம் ஒன்று இருந்தாலும் நடை வெற்றி என்று சொல்லக் கூடாது. சொன்னால், சொல்வதை நம்பிக் காரியம் செய்கிறவன் ஏமாறுகிறான். அவருடைய வாக்கியம். மற்றவர் வாயில் கேட்கும்போது அவ்வளவு முட்டாள்தனமாக இல்லை.

“சார், இந்த எதிர்ப்ப நீங்க வாபஸ் வாங்கிக்கறீங்களா?”

“சரி” என்றார். தெளிவான குரல், கூட்டத்தில் பேசுகிற அதே குரல்.

கை தட்டினார்கள். தலைவி பதிவு செய்யக் குனிந்தாள். ஒரு மனிதரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குகிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அதுவும் யார் கையெழுத்தை? புரிந்திருந்தால் செத்தாலும் இதற்குச் சரி சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

“எழுதாதீங்க” என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பிவிட்டது.

“என்ன மேடம்?”

“அது பதில் இல்ல. இவரு எல்லாத்துக்கும் அதத்தான் சொல்லுவாரு. நான் குரங்கான்னு கேட்டாலும் சரிம்பாரு. இந்த எதிர்ப்ப நான் ஏத்துக்கறேன்.”

என் பகுதியை நானே எதிர்க்கிறேன் என்று அவர்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. தலைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அப்படின்னா மேடம், அவரு நிலைமைய நீங்க பதிவுக்காகச் சொல்லணும்... விதி அப்படி. சாரை வேணா உள்ள கூட்டிட்டுப் போயிட்டு வந்து சொல்லுங்களேன்.”

அவள் சொன்னபடி செய்திருக்கலாம். நாற்காலியை அடுத்த அறைக்குத் தள்ள எவ்வளவு நேரமாகும்? ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

“பரவால்ல, இருக்கட்டும். இவருக்கு ஒண்ணும் புரியாது” என்றேன். பிறகு விதி கேட்ட வாசகத்தை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். “இந்த உறுப்பினர் தன் கருத்தைச் சொல்லும் நிலையில் இல்லை. இவர் சொல்லும் வார்த்தைக்குப் பொருள் இல்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.”

அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்து எல்லோரும் காத்திருந்தோம். மூடிக்கொண்டார். களைப்பு போலிருக்கிறது என்று நாற்காலியைக் கட்டில் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பி வந்து அவருடைய சண்டையைப் போடத் தொடங்கினேன். பாத்திரம் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு நான் சொன்ன பதில்களும் மனப்பாடம் என்பதால் ஒவ்வொன்றாக அடித்து நொறுக்கினேன். அப்படி ஒரு நாளும் நான் வாதாடியதில்லை. அவர் கேட்டிருந்தால் அசந்து போயிருப்பார் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாத்திரையோடு போய், “போடலாமா?” என்றேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். பதில் இல்லை. விளக்கைப் போடவா என்றேன். பதில் இல்லை. மறுநாள் குளிக்கலாமா என்றதற்கும் இல்லை. தங்கை வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் அண்ணி, அண்ணன் என்கிட்ட கோவமா இருக்காரா?” என்றாள்.

மருத்துவர் மறுபடி மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார். புதிதாக அடைப்பு ஒன்றும் இல்லை. பயிற்சிப் பெண் தொண்டையைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். அட்டைகளை விரித்தாள், அவர் சாவியையும் தொடவில்லை, கோப்பையையும் தொடவில்லை.

“குரல்ல ஒரு குறையும் இல்ல மேடம். இருக்கற ஒரு வார்த்தை திடீர்னு ஏன் நிக்கணும்? நடுவுல ஏதாவது நடந்துதா?”

“ஒரு கூட்டம் நடந்தது” என்றேன்.

நடைப் பகுதி அவர் விருப்பப்படியே திருத்தப்பட்டது. எல்லாக் கோப்புறைகளுக்குள்ளும் போய் வராத நடை, வெற்றி என்று பதில் தரக் கூடாது. அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்து, அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். “நீ ஜெயிச்சுட்ட, முட்டுக்கட்டை” என்றேன். பக்கத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

நேற்று மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது கேட்டது. மெதுவாக, யாரோ எதையோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல், “சரி” என்றார். சற்று விட்டு இன்னொரு முறையும் சொன்னார்.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். தோளைத் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

“இப்ப சொன்னியே, அத என்கிட்ட சொல்லு” என்றேன். “ஒரே ஒரு தடவ சொல்லு. நான் நம்பறேன்.”

என்னை நன்றாகப் பார்த்தார். புருவம் மெல்ல மேலே ஏறியது. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.