இரண்டாவது குஞ்சம்

மழைக்காலம் தொடங்கும் வாரத்தில் பாக் க்ளோங் பூச்சந்தைக்கு ஒரு தனி வெளிச்சம் வந்துவிடும். வானம் சாம்பல் நிறத்தில் இறங்கி வந்து தகரக் கூரைகளின்மேல் உட்கார்ந்துகொள்ளும். கீழே சாமந்தி மூட்டைகள் தாங்களே விளக்கேற்றிக்கொண்டதுபோல் எரியும். பனிக்கட்டி உருகி ஓடும் தண்ணீரில் ரோஜா இதழ்கள் மிதந்துபோய் ஆற்றை நோக்கித் திரும்பும். அந்த நேரத்தில் அங்கே நடப்பவர்களுக்குத் தாங்கள் இன்னும் தூக்கத்திலிருந்து முழுதாக இறங்கவில்லை என்று தோன்றும். சுற்றுலாக் குழுக்களை அங்கே கூட்டிவரும் வழிகாட்டி சரோச்சாவுக்கு இரண்டு வருடமாகத் தினமும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அன்று அவளுடைய நீலக் குடையின் பின்னால் வந்தவர்கள் நகோன் சவானைச் சேர்ந்த பெண்கள். ஊரில் ஒரே அழகு நிலையத்தில் முடி திருத்துகிறவர்கள். முதலாளி லமூன் வருடத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டிவிட்டு எல்லோரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவாள். இந்த வருடம் பாங்காக்கின் பூக்களைப் பார்க்க வந்திருந்தார்கள். வழியில் கண்ட ஒவ்வொருவரின் தலைமுடியையும் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்து இருந்தது.

செண்பகக் கூடை ஒன்றின்முன் லமூன் நின்றாள். வெண்செண்பக மொட்டு ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கடைக்காரி பல்லைக் கடித்தாள்.

"தெரியும், தெரியும்," என்றாள் லமூன். "மோந்துட்டா சாமிக்கு ஆகாது. சின்ன வயசுல இதுக்காக எங்கம்மா கையிலயே அடிப்பா. இது எனக்கு. நான் சாமி இல்ல." சொல்லிவிட்டு நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். பிறகு அதைக் கொண்டையில் செருகிக்கொண்டு காசு கொடுத்தாள்.

வேறொரு நாளாக இருந்தால் சரோச்சா சிரித்திருப்பாள். அன்று அவள் மனம் ஏற்கெனவே தெருக்கோடியிலிருந்த மாடி வீட்டின் படிகளில் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மாடியில்தான் உத்தேன் மாலை கட்டக் கற்றுக்கொடுப்பான். கீழே அவன் அம்மா சம்லியின் பூக்கடை. அவர்கள் கடைப் பூ முழுக்கக் கோயிலுக்கும், வீட்டு வாசல் தெய்வங்களுக்கும், படகுகளின் முனைக்கும் போவது. அதனால் பூவின் பக்கம் மூச்சு விடாமல் குனிவதற்கு அவன் நடக்கத் தொடங்கியபோதே பழகிவிட்டான். பூவுக்கு மேல் முகம் போகும்போது கழுத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வான். பூவிலேயே வளர்ந்தவன், ஒரு பூவைக்கூட முகர்ந்ததில்லை என்று சந்தையே அவனைக் கேலி செய்யும். பாதிச் சாமியார் என்பார்கள்.

நாளை மறுநாள் அவன் முழுச் சாமியாராகப் போகிறான். ஆண்பிள்ளைகள் ஒரு மழைக்காலமாவது காவி உடுத்திவிட்டு வருவது வழக்கம்தான். மூன்று மாதத்தில் திரும்பி வந்து பழையபடி மீன் வறுத்துத் தின்பார்கள். ஆனால் உத்தேனுடைய மாமாவும் ஒரு மழைக்காலத்துக்கென்றுதான் போனார். இன்று லம்பாங்கில் ஒரு மடத்துக்குத் தலைவராக இருக்கிறார். அந்த முகம்தான் உத்தேனுக்கு, அந்த அமைதிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சரோச்சாவுக்கும் அவனுக்கும் இடையில் எதுவும் பேசப்பட்டதில்லை. பேசுவதற்கு நாள் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். இனி பேச முடியாது. மடத்துக்குப் புறப்பட்டுவிட்டவனிடம் 'திரும்பி வா' என்று சொல்வது அவன் காலில் கயிறு கட்டுவதுபோல. அவன் அம்மா இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் அவள் வாயைத் திறக்கப் போவதில்லை. அவன் வருவானா, வராமலே போய்விடுவானா என்பது மட்டும் மனதில் முள்ளாக நின்றது.

இன்னொன்றும் நின்றது. துறவுக்குப் போகிறவன் பூவும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் வைத்த தட்டோடு தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். உத்தேன் பனிக்கட்டிக்காரனிடம் போயிருந்தான். படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவளிடம் போயிருந்தான். வண்டி நிறுத்துகிற விஷயத்தில் தினம் சண்டை போடும் காவலாளியிடம்கூடப் போயிருந்தான். அந்த ஆள் அழுதுவிட்டானாம். சரோச்சாவிடம் மட்டும் வரவில்லை. மன்னிக்க ஒன்றுமே இல்லாத அளவுக்கு நான் அந்நியமா என்று அவள் நினைத்தாள்.

மாடியில் பாய்கள் விரித்திருந்தன. ஈரத்துணிமேல் மல்லிகை மொட்டுகள், மடித்த ரோஜா இதழ்கள், பொடியாக நறுக்கிய ரம்பை இலை. வெள்ளெருக்கு மொட்டும், நுனியில் தொங்க வெண்செண்பகமும் வைத்துக் கட்டிய குஞ்சங்கள் ஒரு தட்டில். மூலையில் சம்லி வாழையிலையைச் சீராக வெட்டிக்கொண்டிருந்தாள். உத்தேன் எல்லோருக்கும் நீண்ட இரும்பு ஊசி கொடுத்து, வழுக்குவதற்கு எண்ணெய் தடவிக் காட்டினான். அவனுக்குக் காதுவரை அடர்ந்த, சுருண்ட முடி. முடி திருத்தும் பெண்கள் ஊசியைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தார்கள்.

"நாளைக்கா மழிக்கப் போறாங்க?" என்று, சந்தையில் கேட்டதை வைத்து லமூன் விசாரித்தாள்.

"ஆமாக்கா."

"புருவத்தையும்ல?"

"புருவமும்தான்."

லமூன் தன் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் துக்க வீட்டில்போல் தலையாட்டினார்கள். மழிக்கத் தாங்களே வருவதாகவும், காசு வேண்டாம் என்றும், அந்த முடியைக் கொடுத்தால் போதும் என்றும் ஒருத்தி சொன்னாள். சம்லிகூடச் சிரித்துவிட்டாள்.

ஆனால் வேலை என்று வந்ததும் அந்தப் பெண்களின் விரல்கள் வேறாகிவிட்டன. முடியை வகிர்ந்து பழகிய விரல்கள் மொட்டுகளை அளவு பார்த்து, வட்டமாக, இடைவெளி இல்லாமல் ஊசியில் ஏற்றின. உத்தேன் திருத்த ஒன்றும் இல்லாமல் சுற்றி வந்தான்.

"நீயும் உக்காரு தங்கச்சி," என்றாள் லமூன் சரோச்சாவிடம். "குடையைப் புடிச்சுக்கிட்டு தூண் மாதிரி நிக்காதே. எங்களுக்கு நிழல் வேணாம்."

இத்தனை நாளும் சரோச்சா இந்த அறையில் பேசியிருக்கிறாளே தவிரக் கோர்த்ததில்லை. 'இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி ஒற்றைக் குஞ்சம் தொங்கவிட்டால் கையில் ஏந்திச் சாமிக்கும் பெரியவர்களுக்கும் கொடுப்பது. சேர்க்காமல் முனைக்கொரு குஞ்சம் வைத்தால் கழுத்தில் போடுவது, கல்யாணத்துக்கு' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இப்போது உட்கார்ந்தாள். உத்தேன் ஓர் ஊசியை அவள் பக்கம் நீட்டினான்.

மொட்டுகள் குளிர்ந்திருந்தன. ஒன்று, அதன் பக்கத்தில் ஒன்று. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யத் தொடங்கியது. ஆறு தெரிந்தது, மணல் படகுகள் அதன்மேல் யாரோ கண்ட கனவை இழுத்துக்கொண்டு போவதுபோல் மெதுவாகப் போயின. ஊசி நிறைந்ததும் நூலுக்குத் தள்ளினாள், மறுபடி ஏற்றினாள்.

கை கோர்த்துக்கொண்டே இருக்க, ஏதோ ஒரு விடியற்காலையில் ஒரு சிறு படகு வருவதை அவள் பார்த்தாள். அதில் காவி உடுத்திய ஒருவன் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறான். புருவமில்லாத முகம். அவள் படித்துறையில் மண்டியிட்டிருக்கிறாள். பாத்திரத்தில் சோற்றை வைக்கிறாள். பெண்ணின் விரல் துறவிமேல் படக் கூடாது. பூவைத் தர வேண்டுமென்றால் அவன் விரிக்கும் துணிமேல்தான் வைக்க வேண்டும். அவன் வாழ்த்துச் சொல்கிறான். எல்லோருக்கும் சொல்லும் அதே வாழ்த்து. படகு திரும்புகிறது. அது ஆற்றுவழியே போகாமல் வானத்துக்குள் ஏறுவதுபோல் தெரிகிறது. அங்கும் சாமந்தி நிறம். கூப்பிட வேண்டும் என்று வாய் திறக்கிறாள். வாய் நிறைய மல்லிகை மொட்டு.

"தங்கச்சி," என்றது ஒரு குரல். "இது யார் கழுத்துக்கு?"

சரோச்சா குனிந்து பார்த்தாள். மாலை அவள் மடியைத் தாண்டி நீண்டு கிடந்தது. இரண்டு முனையும் சேரவில்லை. இந்த முனையில் ஒரு குஞ்சம். அந்த முனையில் இன்னொரு குஞ்சம். தட்டிலிருந்து இரண்டாவதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

லமூன் விளையாட்டாகத்தான் கேட்டிருந்தாள். அறையில் யாரும் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். வாழையிலை வெட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. சம்லி கத்தியைப் பிடித்தபடி மகனைப் பார்த்தாள். மகன் மாலையைப் பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போனான்.

எங்காவது மறைந்துகொள்ள இடம் கிடைக்குமா என்று சரோச்சா தேடினாள். இத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒன்றில், இவ்வளவு பேர் நடுவில், நாளைக்குத் தலை மழிக்கப் போகிறவன் கண்ணெதிரே இப்படிச் செய்துவிட்டாளே. அவள் பிரிக்கப் போனாள். நூல் விரலில் சிக்கிக்கொண்டது.

உத்தேன் திரும்பி வந்தபோது கையில் தட்டு இருந்தது. வாழையிலைக் கூம்பு, அதில் பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி. அவன் அவளுக்கு எதிரே காலை மடித்து உட்கார்ந்து தட்டைக் கீழே வைத்தான். அந்தப் பெண்கள் ஊசியை வைத்துவிட்டுத் தாங்களாகவே கைகூப்பினார்கள்.

"உடம்பால, வாயால, மனசால," என்று தொடங்கினான். "தெரிஞ்சோ தெரியாமலோ உனக்கு நான் செஞ்சது எதுவா இருந்தாலும் மன்னிச்சுடு."

மன்னித்தேன் என்ற ஒரு சொல் போதும். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அதைச் சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

"என் ஆளுங்களை மழையில நிக்க வெச்சது, மன்னிச்சேன்," என்றாள். "என் மாம்பழச் சோத்தைத் தின்னுட்டு பூனை மேல பழி போட்டது, மன்னிச்சேன். ஜெர்மன்காரங்க முன்னாடி என் இங்கிலீஷைக் கேட்டு சிரிச்சது, அதையும். ஒண்ணு மட்டும் இருக்கு. அது இருக்கட்டும்."

உத்தேன் நிமிர்ந்தான். "எது?"

அவள் பதில் சொல்வதற்குள் சம்லி பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம், கெஞ்சலாகப் பேசினாள்.

"முடிச்சு எதுவும் வெச்சுக்காதே கண்ணு. அவன் லேசாப் போகட்டும்."

தன் கையில் இருந்த ஒரே நூல் மன்னிக்காமல் வைத்த அந்த ஒன்றுதான் என்று சரோச்சா நினைத்தாள். அதை விட்டுவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை. தட்டிலிருந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகூப்பினாள்.

"எல்லார்கிட்டயும் போயிட்டு என்கிட்ட கடைசியா வந்தது," என்றாள். "அதையும் மன்னிச்சுட்டேன். எதுவும் பாக்கி இல்ல. நல்லபடியாப் போ."

சம்லி மெல்ல மூச்சு விட்டாள். உத்தேன் தலைவணங்கினான். வணங்கியவன் உடனே எழவில்லை.

"மத்தவங்ககிட்ட கேட்டுட்டு எழுந்து வந்துட முடிஞ்சுது," என்றான், பாயைப் பார்த்தபடி. "அதான் கடைசியா வந்தேன்."

அவள் மடியிலிருந்து மாலையை எடுத்தான். சிக்கலை விரலால் நீவி விட்டான். கத்தரியை எடுத்து ஒரு முனையிலிருந்த குஞ்சத்தை நறுக்கினான். இரண்டு முனையையும் சேர்த்து முடிந்தான். மாலை வளையமாகிவிட்டது, ஒற்றைக் குஞ்சம், கையில் ஏந்துவது, சாமிக்கு ஆகும். கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அதைத் தட்டில் வைத்தான்.

நறுக்கிய குஞ்சம் அவன் கையில் இருந்தது. அதை என்ன செய்யப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். கீழே விழுந்த பூ, மிஞ்சிய பூ எல்லாவற்றையும் அவர்கள் தண்ணீரில் வைத்து மறுபடி கட்டிவிடுவார்கள். அவன் குஞ்சத்தைத் தூக்கினான். நுனியில் செண்பகம் ஆடியது. அது முகத்தருகே வந்தபோது வழக்கம்போல் கழுத்தைத் திருப்பிக்கொள்வான் என்று சரோச்சா நினைத்தாள்.

அவன் திருப்பவில்லை. கண்ணை மூடி, பூவை மூக்கோடு சேர்த்து, நீரில் முங்கப் போகிறவனைப்போல் நெஞ்சு நிறைய இழுத்தான்.

அந்தப் பூ இனி எந்தச் சாமிக்கும் ஆகாது.

லமூனின் கை தன்னையறியாமல் கொண்டைக்குப் போனது. மற்றப் பெண்கள் அசையவில்லை. சரோச்சாவால் சம்லியின் பக்கம் பார்க்க முடியவில்லை. இலை நறுக்கும் சத்தம் வருமா, கத்தி கீழே விழும் சத்தம் வருமா என்று காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை.

"வெறுங்கையில குடுக்காதே," என்றாள் சம்லி கடைசியில். குனிந்த தலை நிமிரவில்லை. "ஈரத்துணில சுத்திக் குடு. படகுல காத்தடிக்கும்."

கத்தி மறுபடி வாழையிலையில் இறங்கத் தொடங்கியது.

அவன் துணியை நனைத்துப் பிழிந்தான். குஞ்சத்தைச் சுற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். அவனுடையது துணி விரிக்கத் தேவையில்லாத கை. இன்னும் ஒரு நாளைக்கு அப்படி. விரல்கள் பட்டன. அவனுடையவை பூவைவிடக் குளிர்ந்திருந்தன.

அடுத்து அக்கரைக் கோயிலில் தாமரை இதழ் மடிக்க வேண்டும். குடை விரிந்தது, பெண்கள் தங்கள் மாலைகளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். படகு நகர்ந்ததும் மழை நின்றது. ஆற்றின் நடுவில், கரை இரண்டும் மங்கலாகிப்போன இடத்தில், சரோச்சா துணியைப் பிரித்தாள். அவள் முகம் குனியும்போது மற்றவர்கள் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

லமூன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"புருவம் சீக்கிரம் முளைச்சுடும்," என்றாள். "தலைமுடிக்குத்தான் நாளாகும். திரும்பி வந்த புதுசுல முள்ளம்பன்றி மாதிரி இருப்பான். சிரிச்சுடாதே."