பூப்பேட்டை ஸ்டேஷனில் பொண்ணு வூட்டுக்காரங்க

எனக்கு வாய் பெருசுன்னு பாலக்கோட்டுல எல்லாருக்கும் தெரியும். தக்காளி மண்டியில ஏலம் கூவுறவ நான். சன்னமா பேசுனா எவன் காதுல விழும்? "பானுமதி மூணு தரம் சொல்லிட்டாளா? அப்ப முடிஞ்சுது"ன்னு வியாபாரிங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்பேர்ப்பட்ட நான் அன்னிக்கு மட்டும் வாயையே தெறக்கக் கூடாதுன்னு குலதெய்வத்து மேல சத்தியம் பண்ணியிருந்தேன். எல்லாம் என் தம்பி நவநீதன் கல்யாணத்துக்காகத்தான்.

பொண்ணு பேரு கோகிலவாணி. கடத்தூர்க்காரி, தருமபுரியில ஒரு லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. ரெண்டு பேருக்கும் புடிச்சுப்போச்சு, ஜாதகமும் சேர்ந்துடுச்சு. பாக்கி இருந்தது வூடு பாக்கறது ஒண்ணுதான். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து மாப்பிள்ளை வூட்டைப் பாப்பாங்க. மனசு ஒத்துப்போச்சுன்னா உக்காந்து சாப்பிடுவாங்க. அதை எங்க பக்கம் கை நனைக்கிறதுன்னு சொல்வோம். கை நனைச்சாச்சுன்னா சம்பந்தம் முடிஞ்சுது, அப்புறம் பேச்சு மாறக் கூடாது. புடிக்கலையா, ஒரு முழுங்கு தண்ணிகூட குடிக்காம கெளம்பிடுவாங்க.

தம்பி இருக்கறது பெங்களூருல, பூப்பேட்டையில. அந்தக் கடைவீதிக்கு அடியில மெட்ரோ ஸ்டேஷன் கட்டறாங்க. அவன் அங்க காங்கிரீட் சூப்பர்வைசர். வில்லங்கமே அங்கதான்.

கோகிலா கைக்கொழந்தையா இருந்தப்போ அவ அப்பா கெணறு வெட்ட எறங்குனாரு. மண்ணு சரிஞ்சு ஆளு போயிட்டாரு. அதுக்கப்புறம் அவளை வளத்ததெல்லாம் தாய்மாமன் சென்னப்பன்தான். அவரு சொன்னது ஒரே பேச்சு. "குழிக்குள்ள எறங்கறவனுக்கு எங்க பொண்ணைக் குடுக்க மாட்டேன்." பொண்ணும் அவ அம்மா குள்ளம்மாளும் அழுது, மூஞ்சியத் தூக்கி, ஒருவழியா அவரை வேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. வூடு பாக்கப் பொண்ணு வர்ற வழக்கமில்ல. அவ வந்தா. அதுலயே எனக்கு அவளை ரொம்பப் புடிச்சுப்போச்சு.

அன்னிக்குப் பாத்துதானா இப்படி ஆகணும்! காலையிலேயே தம்பிக்குப் போன். முந்தின நாள் வராம போன காங்கிரீட் லாரியெல்லாம் வரிசையா வந்து நிக்குதாம். "அக்கா, கடைசி பிளாட்பாரம். ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது. எப்படியாவது சமாளி"ன்னு சொல்லிட்டு ஓடுனான். இவன் கல்யாணத்துக்கு நான் சமாளிக்கணுமாம்!

தம்பி வூட்டுக்கு நான் முன்னாலயே வந்து சமைச்சு வெச்சிருந்தேன். வடை, பாயசம், கத்திரிக்காய் சாம்பார், எங்க மண்டித் தக்காளியில ரசம்னு எல்லாம் தயார். சென்னப்பன் அண்ணன் உள்ள வந்தாரு. தம்பியும் தருமபுரி ஹயாத் பாஷாவும் சேந்து எடுத்திருக்கற வூடு அது. ஹயாத் அந்த ஸ்டேஷன் வேலையிலயே கிரேன் ஓட்டறவன், அன்னிக்கு அவனுக்கு லீவு. நல்லபடியா கூட்டிப் பெருக்கி வெச்சிருந்தான்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"வேலையில இருக்கறானுங்கண்ணா."

"எங்க?"

"கீழங்க."

அவரு மொகம் அப்படியே வத்திப்போச்சு. கையில குடுத்த தண்ணி டம்ளரை ஜன்னல் மேல வெச்சாரு. "வெயில் ஏறுதும்மா. நாங்க கெளம்பறோம்."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சத்தியமாவது ஒண்ணாவது! "ஏனுங்கண்ணா, வூட்டைப் பாத்தீங்க, வேலையைப் பாக்கலியே? தக்காளி வாங்க வந்துட்டு வெறுங்கூடையைப் பாத்துட்டுப் போனா எப்படிங்க?"

குள்ளம்மாள் என் கையைக் கிள்ளுனா. கோகிலா மட்டும் களுக்குன்னு சிரிச்சுட்டா. "மாமா, நீங்க வேன்ல இருங்க. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்"னு செருப்பை மாட்டுனா. அவளைத் தனியா குழிக்குள்ள அனுப்பிட்டு அந்த மனுஷன் வேன்ல உக்காருவாரா? பின்னாலயே கெளம்பிட்டாரு.

"கடைசிக் காங்கிரீட்டுக்கு வூட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாம்னு இஞ்சினியரே சொல்லியிருக்காருக்கா"ன்னான் ஹயாத். "அப்ப தூக்குடா அந்தக் குண்டானையெல்லாம். இங்க திங்க ஆளில்ல, அங்க வேலை செய்யற புள்ளைங்களாவது திங்கட்டும்"னேன். சென்னப்பன் அண்ணன் காதுல விழணும்னுதான் சத்தமா சொன்னேன்.

வீதி நடுவுல நீளத்துக்கும் நீலத் தகரம் அடைச்சிருந்தாங்க. ரெண்டு பக்கமும் ஒத்தையடிப் பாதைதான் மிச்சம். அதுலயே வளையல் கடை, பத்திரிகை அடிக்கிற கடை, பாத்திரக் கடை, சாம்பிராணிப் பொகை, நடுவுல பூந்து போற ஸ்கூட்டரு. பூக்காரங்க அந்தத் தகரத்துலயே ஆணி அடிச்சு மாலையைத் தொங்கவிட்டுட்டாங்க. உள்ள டமடமன்னு மெஷின் அதிர, மாலையெல்லாம் ஆடுது. குண்டானும் தூக்குமா எங்க கூட்டத்தைப் பாத்துட்டு ஒரு பூக்காரம்மா "மதுவேனா?"ன்னு கேட்டுச்சு. கல்யாணமான்னு கன்னடத்துல கேக்குது.

"இன்னும் இல்ல"ன்னு சென்னப்பன் அண்ணன் வெடுக்குன்னாரு. அதுக்கும் அந்தம்மா சிரிச்சுட்டு கோகிலா கையில ஒரு மொழம் மல்லிய வெச்சுது.

எல்லாருக்கும் ஹெல்மெட் மாட்டிவிட்டாங்க. இரும்புப் படியில கோகிலா முன்னால எறங்குனா. அண்ணன் ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு படிக்கும் முருகா முருகான்னு எறங்குனாரு.

கீழ போய்ப் பாத்தா, அடேங்கப்பா! சேறும் சகதியுமா இருக்கும்னு நெனச்சேன். பகல் மாதிரி வெளிச்சம், ஜிலுஜிலுன்னு காத்து. எங்க ஊர் கல்யாண மண்டபம் நாலைக் கொண்டாந்து வெச்சாலும் எடம் மிச்சமிருக்கும். தலைக்கு மேல அத்தனை கடையும் சனமும் நிக்குதுன்னு சொன்னா நம்பவே முடியல.

சென்னப்பன் அண்ணன் சுவத்துக்கிட்ட போயி உள்ளங்கையால தட்டுனாரு. "மண்ணு எங்கப்பா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் மாமா"ன்னான் ஹயாத். "மேலருந்தே சுவத்தை எறக்கிட்டுத்தான் மண்ணுல கையே வெப்போம். சுவரு மொதல்ல, குழி அப்புறம்."

அவரு கையை எடுக்கவேயில்ல. "அன்னிக்குச் சுவரு கட்டிட்டு எறங்கலாம் மாமான்னு சொன்னேன். தண்ணி வந்தப்புறம் கட்டிக்கலாம்னுட்டாரு"ன்னாரு. கோகிலா அப்பாவைத்தான் சொல்றாரு, ஆனா யாருகிட்ட சொன்னாருன்னு தெரியல. குள்ளம்மாள் முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டா.

நாங்க நின்ன பிளாட்பாரம் முடிஞ்சு காஞ்சது. எதிர்ப் பக்கத்துலதான் வேலை. குழாயில காங்கிரீட் கொழகொழன்னு கொட்டுது, முழங்கால் பூட்ஸோட என் தம்பி நடுவுல நிக்கறான். இடுப்புப் பெல்ட்டு மாட்டாம ஒருத்தன் உசரத்துல ஏறப் போனான். "எறங்குடா! உனக்கு வூட்டுல யாருமில்லையா?"ன்னு தம்பி ஒரு கத்து கத்துனான். அவன் பெல்ட்டை மாட்டுற வரைக்கும் நவுரல. கத்துறதுல எங்க குடும்பமே இப்படித்தான். ஓரக்கண்ணால பாத்தேன், சென்னப்பன் அண்ணன் அவனையே பாத்துக்கிட்டிருந்தாரு.

கடைசிச் சட்டி காங்கிரீட்டை மட்டம் தட்டி முடிச்சதும் விசிலு, கைத்தட்டு! தம்பி மூஞ்சியெல்லாம் சிமெண்ட்டோட இந்தப் பக்கம் வந்தான். ஹெல்மெட்டுல மல்லிய சுத்திக்கிட்டு நின்ன கோகிலாவைப் பாத்தவன், சமதரையில தடுக்கி விழப் போனான்.

நாங்க நின்ன பிளாட்பாரத்துலயே பந்தி போட்டோம். பீகார்க்காரன், ஒடிசாக்காரன், ராய்ச்சூர்க்காரன் எல்லாரும் கை கழுவிட்டு வரிசையா உக்காந்தாங்க. தம்பியும் கழுவிட்டு, சொம்பும் கையுமா நின்னான். சென்னப்பன் அண்ணன் தூணோரமா ஒதுங்கிட்டாரு.

"எனக்குப் பசிக்குது"ன்னா கோகிலா. நேரா தம்பிகிட்ட போயி ரெண்டு கையையும் நீட்டுனா. "தண்ணி ஊத்துங்க."

மாப்பிள்ளை வூட்டுச் சாப்பாடு, மாப்பிள்ளை கையால தண்ணி. ஊத்திட்டான்னா முடிஞ்சுது. தம்பி சொம்பைச் சாய்க்கப் போனவன் நிறுத்திட்டான்.

"மாமா சொல்லட்டுங்க."

"கை வலிக்குது"ன்னா அவ. கையை மட்டும் எறக்கல.

சென்னப்பன் அண்ணன் தூணை விட்டு வந்தாரு. மரியாதைக்குத் தலையில இருக்கறதைக் கழட்டப் போக, "மாமா, ஹெல்மெட்டைக் கழட்டக் கூடாது"ன்னு ஹயாத் பதறுனான். அப்படியே மாட்டிக்கிட்டு கோகிலா பக்கத்துல வந்து நின்னாரு. தன்னோட ரெண்டு கையையும் அவ கைக்கு முன்னால நீட்டுனாரு.

"எனக்கு மொதல்ல ஊத்துங்க மாப்ள. பெரியவன் நானிருக்க இவ முந்திக்கறா."

தம்பி ஊத்துனான். ஊத்துன அவசரத்துல பாதித் தண்ணி அவரு வேட்டியிலதான் விழுந்துச்சு. நான் அழுதேன், குள்ளம்மாள் அழுதா, எதுக்குன்னே தெரியாம ஒடிசாக்காரப் புள்ளையும் கண்ணைத் தொடச்சான்.

மாமனும் மருமகளும் பந்தியில உக்காந்தாங்க. அதுக்குள்ள வடை காலி. "ஏம்மா, சம்பந்தி வூட்டுல ஒரு வடைகூட இல்லியா?"ன்னு கேட்டாரே அந்த மனுஷன்! சம்பந்தி வூடுன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. அதுக்கு மேல நான் எதுக்கு வாயை மூடணும்? மண்டியில கூவுற அதே தொண்டையில கூவுனேன்.

"எங்கூட்டு நவநீதன் ஒரு தரம்! நவநீதன் ரெண்டு தரம்!"

சுரங்கத்துக்குள்ள ரெண்டு பக்கமும் போயிட்டு சத்தம் திரும்பி வந்துச்சு. மூச்சு வாங்கிட்டு நான் மூணாவதைச் சொல்றதுக்குள்ள, வாய் நெறைய ரசஞ்சோத்தோட சென்னப்பன் அண்ணன் கையைத் தூக்குனாரு.

"மூணு தரம்!"