நான்காவது மஞ்சள்

அந்த அச்சகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கழுத்தில் கறுப்பு நாடாவில் எப்போதும் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும். அதனால் அவள் லென்ஸக்கா. நான்கு வண்ண ஆப்செட் மெஷினை ஓட்டுபவள் அவள்தான். தாள் வெளியே வந்து விழுந்த கையோடு ஒன்றை உருவி மேஜையில் விரித்து, கண்ணாடியை வைத்துக் குனிவாள். வெறுங்கண்ணுக்கு ஆரஞ்சுப் பழமாகத் தெரிவது, அதற்குள் மஞ்சள் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக இறைந்து கிடக்கும். எந்தப் புள்ளி பருத்திருக்கிறது, எது இளைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, மை விழும் அளவை மாற்றும் மைச்சாவியை ஒரு இழை திருப்புவாள். அடுத்த தாளில் பழம் பழமாகிவிடும்.

அவள் கணவர் அதே கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைப்பவர். எல்லோருக்கும் அவர் எழுத்துக்காரர். ஹோட்டலுக்குப் போனால் மெனு அட்டையில் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றிப் பேசியே சோற்றை ஆறவிடுகிற மனிதர். "நீங்க படிச்சு முடிங்க, நான் சாப்பிட்டு முடிக்கிறேன்" என்று லென்ஸக்கா தன் தட்டைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, வீடு வீடாகப் போய்ப் பச்சிளம் பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸ் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். ஐம்பது தாண்டியவர். கைப்பையிலிருந்து கறுப்புத் தாள் உறை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து உள்ளங்கை நீளத்தில் ஓர் அட்டையை உருவினார். அதில் ஐந்து மஞ்சள் கட்டங்கள். முதல் கட்டம் பால் மாதிரி. ஐந்தாவது முட்டையின் மஞ்சள்கரு மாதிரி.

"எங்க ஆபீஸ்ல இருக்கிறதே இது ஒண்ணுதான். இதே மாதிரி ரெண்டாயிரம் வேணும். அடுத்த மாசம் புதுசா வர்ற நர்ஸுங்களுக்குப் பயிற்சி இருக்கு."

"எதுக்கும்மா இது?" என்று கேட்டாள் லென்ஸக்கா.

"பொறந்த மூணாம் நாள், நாலாம் நாள் சில பிள்ளைங்களுக்கு மஞ்சள் தட்டும். முக்காவாசி தானா சரியாயிடும். சிலதுக்கு ஆகாது. மூக்கு நுனிய லேசா அழுத்தி விட்டா அந்த இடம் ஒரு கணம் வெளுக்கும்ல, அப்ப இந்த அட்டையப் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். மூணு வரைக்கும் வீட்லயே கவனிச்சுக்கலாம். நாலுன்னா அன்னைக்கே ரத்தம் பாக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"அப்ப மூணுக்கும் நாலுக்கும் நடுவுலதான் விஷயமே இருக்கு."

"அங்கயேதான் இருக்கு" என்றார் நர்ஸ்.

லென்ஸக்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. சோப்பு உறையும் பிஸ்கட் உறையும் அடித்து அடித்துச் சலித்த கைக்கு இது வேறு தினுசு. எழுத்துக்காரர் கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் எண்ணை வெள்ளையில் அழகாகப் பதித்தார். கிடங்கில் இருந்ததிலேயே பளிச்சென்ற வெள்ளை அட்டையை அவள் எடுத்தாள். மஞ்சள் மையோடு துளி சிவப்புப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் அரை நாளில் ஐந்தையும் பிடித்துவிட்டாள். மேஜைக்கு மேலிருந்த குழல்விளக்கின் கீழ் மாதிரி அட்டையையும் புது அட்டையையும் ஒட்டி வைத்தால் எது எதுவென்று அவளுக்கே குழம்பியது. மை அடர்த்தியை அளக்கும் கருவியும் ஆமாம் போட்டது. சோதனைக்கு ஐம்பது அட்டையை நர்ஸிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அன்று மதியம் அவள் கொஞ்சம் தூக்கலாகவே நடந்தாள்.

வியாழக்கிழமை நர்ஸ் திரும்பி வந்தார். ஐம்பது அட்டையும் ஒன்று குறையாமல் கூடவே வந்தது.

"கோவிச்சுக்காதீங்க லென்ஸக்கா. நிறம் ஒத்துவரல."

தன்னைவிடப் பத்து வயது மூத்தவரும் தன்னை அக்கா என்கிறாரே என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. முகம் சுண்டிப்போனது.

"அதெப்படிம்மா ஒத்துவராம இருக்கும்? கருவிய வெச்சு அளந்துல்ல போட்டேன்."

"உங்களக் குத்தம் சொல்லல. வாங்க, நீங்களே பாத்துடுங்க."

நர்ஸ் அவள் முழங்கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார். பகல் வெளிச்சத்தில் இரண்டு அட்டைகளையும் அருகருகே நீட்டினார். உள்ளே இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தவை வெளியே யாரோ எவரோவாக நின்றன. அவள் அடித்த மஞ்சள்கள் வெளிறிப்போய், மூன்றாவது கட்டம் மாதிரியின் இரண்டாவதைப்போலத் தெரிந்தது. நான்காவது மூன்றாக இளைத்திருந்தது.

"நாங்க பிள்ளையத் தூக்கிட்டு ஜன்னல் பக்கம் வந்துதான் பாப்போம். அங்க இதுதான் நடக்குது" என்றார் நர்ஸ். பிறகு தயங்கி, "இன்னொண்ணும் இருக்கு. மஞ்சள் மேல வெள்ளையா எழுதியிருக்கிறது யார் கண்ணுக்கும் தெரியல" என்றார்.

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எழுத்துக்காரர் சத்தம் காட்டாமல் மேலே ஏறிப்போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாளும் லென்ஸக்கா அந்த அட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். மையை மாற்றிப் பார்த்தாள். விளக்கின் கீழ் கெட்டுப்போனதே தவிர வெயிலில் தேறவில்லை. வேறு அச்சகம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாமே என்று முதலாளி சொன்னபோது, "அவங்களும் இதே விளக்குக்குக் கீழ வெச்சுத்தானே பாப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் எழுத்துக்காரரின் வெள்ளைச் சட்டைகள் இரண்டு. ஒன்று வழக்கமாகச் சலவைத்தூளில் ஊறுவது. மற்றது அவர் தங்கை தைத்துக் கொடுத்த புதுப் பருத்திச் சட்டை, வெறும் தண்ணீரில் அலசியது. வீட்டுக்குள் இரண்டையும் ஒரே வெள்ளை என்று நினைத்துத்தான் வாளியில் போட்டு எடுத்து வந்திருந்தாள். வெயில் பட்டதும் முதல் சட்டை நீலம் பூத்து மினுங்கியது. புதுச் சட்டை அதன் பக்கத்தில் மோர் நிறத்தில் சாதுவாகத் தொங்கியது.

அவள் கையில் இருந்த துணியை வாளியிலேயே போட்டாள். அச்சு மை கண்ணாடி மாதிரி. அதன் வழியே உள்ளே போகும் வெளிச்சம் தாளில் பட்டுத் திரும்பி வந்தால்தான் கண்ணுக்கு நிறம். அச்சில் வெள்ளை மை போடுவதில்லை, தாளே வெள்ளை. அந்தத் தாளைப் பளிச்சென்று காட்ட ஆலையில் எதையோ கலக்கிறார்கள், சலவைத்தூளில் கலப்பதைப் போல. குழல்விளக்கின் கீழ் அது சும்மா இருக்கிறது. பகல் பட்டதும் அடியிலிருந்து நீலமாகக் கிளம்பி மஞ்சளை அமுக்கிவிடுகிறது.

"என்னங்க, சீக்கிரம் மேல வாங்க" என்று கூப்பிட்டாள்.

எழுத்துக்காரர் வந்து இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரியாத்தானே துவைச்சிருக்கே, இதுல என்ன?"

"மையில தப்பே இல்ல. தாள்ல இருக்கு."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கொடிக்கம்பத்தில் சாய்ந்து சிரித்தார். "இத்தன நாளா என் சட்டையப் பாத்து நீ எதையும் கண்டுபிடிச்சதில்லையே."

"அதுல எப்பவும் குழம்புக் கறையத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்."

திங்கட்கிழமை அவள் கிடங்கில் இருந்த தாள் வகைகளில் ஒவ்வொரு துண்டு கிழித்து வந்து வாசலில் வெயிலில் பரப்பினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்கள். பளபளப்பான உயர்ந்த ரகங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசியில், அலுவலகக் கோப்பு அட்டைக்கென்று வாங்கி யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த மங்கலான தாள் ஒன்றுதான் உள்ளேயும் வெளியேயும் ஒரே முகமாக இருந்தது.

இந்த முறை அவள் புள்ளிகளை நம்பவில்லை. புள்ளி கொஞ்சம் பருத்தாலும் மூன்று நான்காகிவிடும். ஐந்து கட்டத்துக்கும் ஐந்து மை தனித்தனியாகக் கலந்துவிடுவது என்று முடிவுசெய்தாள். கண்ணாடிப் பலகையில் மைக்கத்தியால் குழைத்து, விரல் நுனியில் தொட்டுத் தாளில் ஒற்றி, வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்தாள். தாளே லேசாகப் பழுப்பு என்பதால் அதற்குத் தக்கபடி மஞ்சளைக் குறைக்க வேண்டியிருந்தது. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நாள் காத்திருந்தாள். நான்காவது மஞ்சள் மட்டும் மூன்று நாள் ஆட்டம் காட்டியது.

மாடியில் எழுத்துக்காரரும் சும்மா இருக்கவில்லை. எண்களைக் கட்டத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்து, பக்கத்தில் கறுப்பில் தடிமனாக வைத்தார். கீழே இருந்த குறிப்பைப் பெரிதாக்கினார். சின்ன அளவில் ணகரத்தின் சுழிகளுக்குள் மை புகுந்து, எல்லாமே ஒரு கரும்பொட்டாகிவிடுகிறது என்று சுழி அகன்ற எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்தார். அச்சுத்தாளைக் கொண்டுவந்து மனைவியின் முன் நீட்டினார்.

"அழகு கொஞ்சம் கம்மிதான்" என்றார்.

அவள் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "பிள்ளையக் கையில வெச்சுட்டு நிக்கிறவங்களுக்கு இதுதான் அழகு."

சோதனைக்கு அடித்த புதிய அட்டைகள் காய்ந்ததும் நர்ஸ் மூன்று வீடுகளில் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றிலும் ஒத்துவந்தது. நான்காவது வீட்டுக்கு, "நீங்களும் வாங்களேன்" என்று லென்ஸக்காவைக் கூப்பிட்டார்.

அது இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு. பிள்ளை பிறந்து நான்கு நாள். தாய் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தகப்பன் பிள்ளையை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் மூச்சு விடவும் பயப்படுகிறவர்போல் இருந்தார். பிள்ளை அசந்து தூங்கியது.

"ரொம்ப சமத்து. அழறதே இல்ல, எப்பவும் தூக்கம்தான்" என்றார் தகப்பன் பெருமையாக.

நர்ஸ் பையை உடனே கீழே வைத்தார். பிள்ளையை வாங்கி ஜன்னலருகே வந்தார். மூக்கு நுனியை மெல்ல அழுத்தி விட்டார். புது அட்டையை வைத்தார். மறுபடி அழுத்தி, பழைய அட்டையை வைத்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின.

"நாலு. இந்தத் தூக்கமும் அதனாலதான் இருக்கும். இப்பவே கிளம்பணும்."

"பாக்க நல்லாத்தானே இருக்கான்" என்றார் தகப்பன், குரல் இறங்கிப்போய்.

நர்ஸ் அட்டையை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சுப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மூன்றைப் பார்த்தார், நான்கைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். செருப்பைத் தேடினார். லென்ஸக்கா தாயின் கையைப் பிடித்துப் படியிறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அச்சகத்துக்குத் திரும்பியும் அவளுக்கு வேலை ஓடவில்லை. பழைய அட்டையும் நான்கு என்றதுதானே என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள், மனது கேட்கவில்லை. மூன்றரை மணிக்கு நர்ஸின் போன் வந்தது.

"ரத்தத்துல அளவு நல்லாவே ஏறியிருந்துச்சு. மஞ்சள் இறங்க நீல வெளிச்சத்துல வெச்சிருக்காங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாராம். பயப்பட ஒண்ணுமில்ல."

அவள் போனை வைத்துவிட்டு, மெஷின் பக்கத்தில் இருந்த தாள்கட்டின் மேல் உட்கார்ந்தாள். எழுத்துக்காரர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நாள் கழித்துப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. இப்போது ஊரைக் கூட்டி அழுகிறான் என்று தகப்பன் புகார் சொன்னதாக நர்ஸ் சொன்னபோது, அவள் வெகுநேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் ஒரு தடவைக்கு நான்கு மைதான் பிடிக்கும் என்பதால் இரண்டாயிரத்தையும் இரண்டு தடவையாக ஏற்ற வேண்டும்: முதலில் நான்கு மஞ்சள், பிறகு ஐந்தாவதும் கறுப்பும். ஏற்றுவதற்கு முன் அவள் மாடிக்குப் போனாள்.

"பின்பக்கத்துல ஒரு வரி சேக்கணும். வெயில்ல வைக்காதீங்க, ஒரு வருஷம் ஆனதும் தூக்கிப்போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்கன்னு. தேதியும் போடுங்க."

"நாம அடிச்சத நாமளே தூக்கிப்போடச் சொல்றதா?" என்றார் எழுத்துக்காரர்.

"மஞ்சள் முதல்ல வெளுக்கும். நாலு மூணாயிடும்ல."

அவர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்பக்கத்தைத் திரையில் திறந்து, நல்ல தடிமனான எழுத்தாகத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டின் தேதியை அடிக்க ஆரம்பித்தார். அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, எழுத்து ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.