குதிகாலுக்கு விலை பேசியது

ஹாஜி புபக்கரின் வலது காலுக்கு டாக்டர் சொன்ன விலை ஐம்பத்தாறு நாள். குதிகால் எலும்புக்குள் சீழ். தினம் ஒரு பாட்டில் மருந்து நரம்பு வழியே ஏறவேண்டும், ஒரு நாளும் விடாமல். ஹாஜி முப்பது என்றார். ஸ்ஃபாக்ஸ் நகரச் சந்தையில் ஐம்பது வருடமாகப் பாதாம் விற்கிறவர் வேறென்ன சொல்வார்? இழுபறி நாற்பத்திரண்டில் முடிந்து இருவரும் கைகுலுக்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாமென்றுவிட்டார்.

ஆகவே நர்ஸ் ராதியா தினமும் காலையில் கடைக்கே வந்தாள். தராசைக் கழற்றிவிட்டு அதன் கொக்கியில் பாட்டிலை மாட்டுவாள். அவர் கையில் பொருத்தியிருந்த மெல்லிய குழாயைத் துடைத்துச் சொட்டு விடுவாள். தராசுக்கு அரைமணி ஓய்வு. ஹாஜியின் வாய்க்கு இல்லை.

முப்பதாம் நாள் ராதியா பாட்டிலை மாட்டுமுன் எதிர்க்கடை லஸாத் எட்டிப் பார்த்தார். "என் மச்சானுக்கும் இதே சீழ்தான் ஹாஜி. அவன் பேரமே பேசல. எடுத்த எடுப்பிலயே நாப்பத்திரண்டுன்னுதான் சொன்னாங்க."

ஹாஜியின் முகம் கசப்புப் பாதாமைக் கடித்ததுபோல் ஆயிற்று.

"அப்போ உன் டாக்டர் எனக்குப் பதினாலு நாள் ஏத்திச் சொல்லியிருக்காரு" என்றார் ராதியாவிடம். "அப்படிப்பட்டவரு நாப்பத்திரண்டுல மட்டும் லாபம் வைக்காமலா இருப்பாரு? அதுலயும் பதினாலு கழிச்சா அசல் நாலு வாரம்தான். ஒரு நாள் கூடவே குடுத்துட்டேன். குழாய உருவு."

"முதல்லயே சரியான விலை சொன்னா நீங்க நம்புவீங்களா ஹாஜி? அதான் ஏத்திச் சொன்னாரு. நாப்பத்திரண்டுதான் அடக்கம்."

"அடக்க விலைன்னு நானே தினம் பத்து தடவ சொல்றேம்மா."

புண் மூடி அழகாகத்தான் இருந்தது. எலும்பில் மிச்சமிருப்பது மறுபடி கிளம்பினால் காலை எடுக்கவேண்டி வரும். அப்படி மூன்று கால்களை அவள் பார்த்திருந்தாள். அதையும் சொன்னாள்.

"பயமுறுத்தறதும் வியாபாரம்தான்" என்றார்.

ராதியா பாட்டிலைப் பைக்குள் வைத்தாள். "குழாய டாக்டர்தான் எடுக்கணும். சொல்லிடறேன்." இறங்கி நடந்தாள்.

பேரம் படியாமல் போவதுபோல் போக்குக் காட்டுகிறவர்கள் மூன்றாவது கடையருகே திரும்பிப் பார்ப்பார்கள். சந்தையில் அது எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும்தான். கழுத்து தானாகத் திரும்பத் துடித்தது. மூன்றாவது கடை போயிற்று, தொப்பிக் கடையும் போயிற்று. அவள் திரும்பவில்லை. தெருமுனையில் கால் வைத்தபோதுதான் குரல் வந்தது.

"ஏம்மா, திரும்பியே பாக்கலையே நீ?"

"குறைக்க ஒண்ணுமில்ல ஹாஜி. எதுக்குத் திரும்பணும்?"

வாசலில் தடியூன்றி நின்ற ஹாஜி சற்று யோசித்தார். பிறகு உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"லஸாத், உன் மச்சானுக்குச் சாமர்த்தியம் பத்தாது. நான் பதினாலு குறைச்சேன், அவன் ஒண்ணுகூடக் குறைக்கல."

ராதியா திரும்பி வந்து பாட்டிலை மாட்டி, சொட்டைத் திறந்துவிட்டு அட்டையில் எழுதினாள்: ஏறியது முப்பது, பாக்கி பன்னிரண்டு.