நாற்பத்திரண்டாம் இருக்கை

எங்கள் ஊர்க் கால்பந்து அணியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். பந்து எந்தப் பக்கம் வந்தாலும் கோல்கீப்பர் இடப்பக்கம்தான் விழுவான். வலப்பக்கம் தரை மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, விழுந்தால் எலும்பு மிஞ்சாது. தரையை நகரசபை ஏன் சரிசெய்யவில்லை என்றால், அந்தப் பணத்தில்தான் கச்சேரி மண்டபத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்கினார்கள். அது வந்த நாளிலிருந்து யார் பாடினாலும் தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுவது போலவே கேட்கிறது. பார்த்தீர்களா, விளையாட்டு, அரசியல், கச்சேரி மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். எனக்கு இதுதான் வேலை. சம்பளம் தருகிற வேலை வேறு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது.

ஒரு நாளைக்கு அறுபது வீடு. வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பேன். கதவு திறக்கும். மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டே முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். பலர், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நான் வருகிற நேரம் பார்த்து ஊரில் எல்லார் வீட்டு அடுப்பிலும் பால் ஏறிவிடுகிறது. எனக்கு அது புரியாமல் இல்லை.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் வந்து பூட்டைத் திறந்தால், காலையில் நான் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்கக்கூட வீட்டில் ஓர் ஆள் இல்லை.

ஆனால் மச்சான் இருந்தான். தங்கச்சியின் புருஷன், என் வயதுக்காரன், லேத் பட்டறை வைத்திருப்பவன். நகரசபை வருடத்துக்கு ஒரு சீட்டு கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு மைதானத்தில் எல்லா ஆட்டமும், மண்டபத்தில் எல்லாக் கச்சேரியும் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் ஒரே இருக்கை எண்தான். எனக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு நாற்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஊரையே பிரித்து மேய்ந்திருக்கிறோம். பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. பந்தை விட்டுக் கண்ணை எடுக்கிறவன் ரசிகனே இல்லை என்பது மச்சான் போட்ட சட்டம். மண்டபத்திலும் அதே சட்டம்தான். முன்னால் பார்த்தபடி நான் ஒன்று சொல்வேன், முன்னால் பார்த்தபடி அவன் அதை மறுப்பான்.

எல்லாம் போன வருடம் வார்டு தேர்தல் வருகிற வரைக்கும்தான். மச்சான் தேர்தலில் நின்றான். எதிரே நின்றவர் மருந்துக்கடைக்காரர். தெருக் குழாய் ஒழுகலை நிறுத்துவதாக அவர் வாக்குக் கொடுத்தார். மச்சான் மைதானத்தைச் சமன்படுத்துவதாகச் சொன்னான். தினமும் ஒழுகலைப் பார்க்கிறவன் நான். என் ஓட்டு மருந்துக்கடைக்காரருக்குத்தான் என்று முடிவு செய்தேன். செய்ததோடு சும்மா இருந்தேனா? அந்த மாதம் மீட்டர் படிக்கப் போன வீட்டிலெல்லாம், என் மச்சானுக்குப் பந்து தெரியும், குழாய் தெரியாது, நானே அவனுக்குப் போடப் போவதில்லை என்று சொல்லி வைத்தேன். சொந்தபந்தம் பார்க்காத நேர்மையான மனிதன் என்று ஊர் என்னை மெச்சிக்கொள்ளும் என்று நினைப்பு. அந்த மாதம் ஒரு வீட்டில்கூட அடுப்பில் பால் இல்லை. நின்று நிதானமாகக் கேட்டார்கள்.

பதினொரு ஓட்டில் தோற்றான். குழாய்கள் இன்றைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கின்றன.

அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தோற்ற மறுமாதம் அவன் காய்ச்சலில் படுத்திருப்பதாக ஏதோ ஒரு வீட்டு வாசலில் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவன்தானே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், முதலில் அவன் இறங்கி வரட்டும் என்று வீம்பில் இருந்துவிட்டேன்.

காய்ச்சல் தெளிந்து மைதானத்துக்கு வந்தான். நாற்பத்திரண்டில் உட்கார்ந்தான். நான் நாற்பத்தொன்றில். இரண்டு பேருமே இருக்கையை விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. பத்து மாதம் அப்படியே ஓடியது. நான் வழக்கம்போல் முன்னால் பார்த்தபடி ஆட்டத்தைத் திட்டுவேன், வேண்டுமென்றே கொஞ்சம் உரக்க. அவன் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருப்பான். அவனைச் சீண்டிப் பார்க்க, அவனுக்குப் பிடித்த பாடகியை, உப்புச் சப்பில்லாத குரல் என்று சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அவளைச் சொன்னால் மட்டும் சட்டென்று கோபம் வரும் அவனுக்கு. அன்றைக்கு ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

அவன் வீட்டு மீட்டர் படிக்கப் போனாலும் இதே கதை. தங்கச்சி இருந்தால் வந்து திறப்பாள், எண்ணைக் குறிக்கும்வரை நிற்பாள், அதற்கு மேல் பேச மாட்டாள். அவன் தனியாக இருக்கும் நாளில் "மீட்டர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கதவு திறக்காது. ஜன்னல் வழியே பேப்பர் படிக்கும் அவன் முதுகு தெரியும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். என் பதிவேட்டில் வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு வருவேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் நானே இறங்கி வந்தேன். முன்னால் பார்த்தபடி, காலி மைதானத்தைப் பார்த்து, "உனக்கே போட்டிருக்கணும் மச்சான், தப்புதான்" என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் தப்பென்று ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அன்று வீட்டுக்கு வந்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

போன வாரம் என் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது, மண்டபக் கவுன்ட்டர் எழுத்தர் என் பெயரை எழுதியபடியே, நாற்பத்திரண்டு இன்னும் வரவில்லையே என்றார். இந்த வருடத்துக் கடைசிக் கச்சேரி முடிவதற்குள் கையெழுத்துப் போட்ட படிவம் வராவிட்டால், அந்த இருக்கை, சீட்டுக்குக் காத்திருக்கும் வேறு யாருக்காவது போய்விடும். கடைசிக் கச்சேரி மறுநாள். பேசாவிட்டாலும் பக்கத்தில் அவன் இருந்தான். இனி அதுவும் இல்லை என்றால் நான் என்ன செய்வேன்? படிவம் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மச்சான் பட்டறையில் இருந்தான்.

கையில் பதிவேடு இல்லாமல் என்னை வாசலில் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். உன் புருஷனுக்கு இத்தனை ரோஷமா, ஒரு வருஷமா என் பேச்சைச் சட்டை பண்ணாமல் இருக்கிறானே என்று நான் ஆரம்பித்ததும், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவருக்குக் காது கேக்காதுண்ணே. அந்தக் காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சு."

பட்டறையில் எப்படி யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். அந்த இரைச்சலில் எல்லாருமே கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள், வெளியில் உள்ளவர்கள், தேர்தலில் தோற்ற ஆள் கலகலப்பாக இல்லை என்று விட்டுவிட்டார்கள் என்றாள். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஒரே நாள்ல அறுபது வீட்டுக்கும் போயிடும்னு."

அப்படியானால் கேட்காத கச்சேரிக்கு எதற்கு வந்து உட்கார்ந்தான் என்று கேட்டேன். நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களே என்றுதான் வந்தார் என்றாள். ஓரக்கண்ணால் பார்த்தால் உங்கள் தாடை ஆடுவது தெரியுமாம், உன் அண்ணன் இன்றைக்கும் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான் என்று வீட்டுக்கு வந்து சொல்வாராம். நேராக முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பாதிக்கு மேல் புரிந்துகொள்கிறாராம். நீங்கள்தான் அவர் பக்கம் திரும்பவே இல்லையாம். சீட்டு எதற்கு, அடுத்த வருஷம் வேண்டாம் என்று அவராகவே முடிவு செய்துவிட்டாராம்.

மறுநாள் மண்டபத்தில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். திரை விலகும்வரை நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் விடவில்லை. பாட்டு ஆரம்பித்தது. முதல் வரியிலேயே ஒலிபெருக்கி கரகரத்தது. வாய் வரைக்கும் வந்த வசவை விழுங்கிக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, முட்டிகளை இருக்கைக்குள் மடக்கி, முழுசாக அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்வரிசைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு இளைத்திருந்தான்! கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்கள் எல்லாம் எனக்குப் புதிதாக இருந்தன.

"அவ சொல்லிட்டாளா?" என்றான். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

தலையாட்டினேன். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து, உனக்கே ஓட்டுப் போட்டிருக்கணும், தப்புதான் என்றேன். அவன் கண் என் உதட்டிலேயே இருந்தது. முடித்ததும் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"ஓட்டு உன் இஷ்டம்டா. பதினொண்ணுல உன்னோடது ஒண்ணுதான். மீதி பத்தும் உன் வாயால போச்சு."

மண்டபம் முழுக்கக் கேட்டது. பாடகர்கூட ஒரு நொடி தடுமாறினார். எனக்கு முகம் எரிந்தது. இரண்டு முறையும் வேறு எதற்கோ மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவன் சொன்னது உண்மை. எந்தெந்த வீடு என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. தனக்குத்தான் ஒன்றும் கேட்காதே, இனி வந்து என்ன பிரயோஜனம் என்றான்.

"நீ வராட்டி நான் யார்கிட்டடா சொல்றது?"

"அறுபது வீடு இருக்கே."

"அங்க யாரும் பதில் சொல்றதில்ல மச்சான்."

இதை அவன் புரிந்துகொண்டானா என்று தெரியவில்லை. பிறகு மேடைப் பக்கம் தாடையைக் காட்டி, "பாட்டு எப்படி?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். முகத்தைச் சுளித்தான். நீ ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை, பொய் சொல்வதற்கு எதற்குத் திரும்பி உட்கார்ந்தாய் என்றான். அதனால் உள்ளதைச் சொன்னேன். தகர டப்பா, சுருதி சேராத ஆரம்பம், பஸ்ஸுக்கு நேரமானது போல் பாடுகிற பாடகர், எல்லாவற்றையும் வார்த்தை வார்த்தையாக. அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடைவேளையில் படிவத்தைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அவனே கவுன்ட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

கச்சேரி முடியும்வரை நான் மேடைப் பக்கம் திரும்பவில்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டது. அன்று வீட்டுக்கு வந்தபோது டம்ளர் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் காலையில் மூன்றாவது வீடு. மூடியைத் தூக்கி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா கதவுக்கு வெளியே வந்தே நின்றுகொண்டார். நேற்று மண்டபத்தில் உங்கள் மச்சான் அப்படிக் கத்தினாராமே, ஆளுக்கு என்ன ஆச்சு, காது கீது கேட்கவில்லையா என்று விசாரித்தார். பின்கட்டிலிருந்து அவர் மருமகளும் எட்டிப் பார்த்தாள். நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. என் நாக்கைப் பற்றி எனக்குத் தெரியாதா?

பதிவேட்டை மூடினேன்.

"வீட்டு அடுப்புல பால் வெச்சிட்டு வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.