பூட்டில் கிடந்த ஏணி

மட்டாட்டு மினிபஸ்கள் ஓடத் தொடங்குவதற்குள் இன்டர்நெட் கேபிளைச் சாலைக்குக் குறுக்கே இழுத்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் நைரோபியின் கயோலே பகுதித் தெருவில் கால் வைக்கவே இடம் இருக்காது. நஃபூலா கேபிள் உருளைக்குத் தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். இரவு மழையில் குழைந்த கரிசல் சேறு காலணியைப் பிடித்து உறிஞ்சியது. எதிர்ப்புறத்தில் ஒகெல்லோ கேபிளை இடுப்பில் சுற்றிக்கொண்டு செக்குமாடு போல இழுத்தான்.

"மெதுவா விடுக்கா! இடுப்பு கழண்டுடும் போலிருக்கு."

"கழண்டா ஒட்டித் தரேன். ஒட்டுறதுதானே என் வேலை?"

சொன்ன பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. அவள் கணவன் சிமியு இடுப்பெலும்பு முறிந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

போன வாரம் வரை கம்பத்தில் ஏறுகிறவன் அவன்தான். கீழே அமர்ந்து தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை ஒட்டுகிறவள் அவள். "இழையைப் பாக்குறியா, என்னைப் பாக்குறியா?" என்று மேலிருந்து கத்துவான். தெருவே சிரிக்கும்.

ஒப்பந்தக்காரர் கிதொங்கா பாதி ஆட்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, நெட் கனெக்சன் தருவதாக இரட்டிப்பு வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வாரங்கள் ஓடின. வேலைக்காரன் சொன்ன நாளில் முடிக்காவிட்டால் அவன் கருவியைப் பிடித்து வைப்பது கயோலே வழக்கம். தையல்காரனின் கத்தரியும் போகும், குழாய்க்காரனின் ஸ்பேனரும் போகும். அப்படித்தான் மூலைக் கட்டடத்துக் குடித்தனக்காரர்கள், கேபிள் ஆட்களின் மஞ்சள் ஏணியைக் காவலாளி அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். கிதொங்கா வந்து சமாதானம் பேசவில்லை. பெயிண்டர் ஒருவனிடம் மர ஏணி வாங்கிக் கொடுத்து, "இதுவும் ஏணிதானே?" என்றார். சிமியு அதில் ஏறினான். படி முறிந்தது.

இன்று அவருடைய வண்டி வந்து நின்றபோது, பின்னால் அதே மர ஏணி கிடந்தது. முறிந்த படியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள மூலைக் கட்டடத்துக்கு நெட் வந்தாகணும்" என்றார் கிதொங்கா.

"யாரு ஏறுறது?"

"நீதான். புருஷன் ஏறினதைப் பாத்திருக்கியே?"

"விழுந்ததையும் பாத்திருக்கேன், முதலாளி."

"ஏறலைன்னா வீட்டுக்குப் போ. உன் வேலைக்கு வெளிய ஆளு வரிசையில நிக்குது. புருஷனுக்கு மருந்து மாத்திரை வேணாமா?"

நஃபூலாவின் கண் தானாகவே ஏணிப் பக்கம் போனது. மருந்து வேண்டும்தான்.

மூலைக் கட்டடத்து மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மகாராணி வந்துட்டாங்களா? இன்னிக்காவது மனசு இரங்குவீங்களா?"

அங்கே குடியிருக்கும் பராக்காவின் அம்மா. வெளிநாட்டுக்காரர்களின் பேச்சைக் கேட்டு எழுதித் தருவது அவள் பிழைப்பு. வீட்டில் நெட் இல்லாமல், பெட்ரோல் பங்க் சுவரோரம் அமர்ந்து எழுதுகிறாள். வரும் திங்கட்கிழமையும் தாமதித்தால் அந்த வேலை போய்விடும். படபடவென்று இறங்கி வந்தாள்; பின்னாலேயே மற்றக் குடித்தனக்காரர்களும் வந்தார்கள்.

கிதொங்காவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. "பாருங்கம்மா, நான் தயார். இவங்கதான் ஏற மாட்டேங்கிறாங்க. சோம்பேறிக் கூட்டம்!"

"ஏண்டி, அதான் வேற ஏணி இருக்குல்ல?" என்றாள் பராக்காவின் அம்மா.

நஃபூலா அவள் கையைப் பிடித்து, கம்பி கட்டிய படியின் மேல் வைத்தாள். "என் வீட்டுக்காரர் இதுலதான் ஏறினார். உங்க வீட்டு லைனுக்குத்தான்."

பராக்காவின் அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு விழுந்தது பெயிண்டருன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னா?"

எல்லாக் கண்களும் கிதொங்காவின் மேல் திரும்பின. அவர் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பராக்காவின் அம்மா காவலாளி அறைப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவளும் இன்னொரு பெண்ணுமாக மஞ்சள் ஏணியைத் தோளில் சுமந்து வந்தார்கள்.

"அப்படிப் போடுங்க!" என்றார் கிதொங்கா. "ஏறு நஃபூலா. இப்ப என்ன சாக்கு?"

நஃபூலா ஏணியைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல ஏணி. அவர் சொன்ன மருந்து நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். மழையில் நனைந்த மின்கம்பிகளுக்கு நடுவே சிமியு பாதியில் விட்ட கேபிள் சுருள் தொங்கியது.

"இடுப்பு பெல்ட் எங்க, முதலாளி? கம்பத்துல ஏறிப் பழகின ஆள் எங்க? ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு தடவையாவது எட்டிப் பாத்தீங்களா? இதெல்லாம் ஆகாம நான் ஏறலை."

"நானும் ஏறலை" என்று ஒகெல்லோ இடுப்புக் கேபிளை அவிழ்த்துச் சேற்றில் போட்டான்.

கிதொங்கா பராக்காவின் அம்மாவிடம் திரும்பினார். குரலில் தேன் வழிந்தது. "கேட்டீங்களா? திங்கட்கிழமைக்கு உங்களுக்கு நெட் கிடையாது. சம்மதமா?"

அவள் கம்பத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஏணியைத் தரையில் கிடத்தி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை நாங்கதான் பிடிச்சு வெச்சோம். தப்பு பண்ணிட்டோம். உங்களைப் பிடிச்சு வெச்சிருக்கணும். பெல்ட்டு வர்ற வரைக்கும் இதுல ஒருத்தரும் ஏற மாட்டாங்க. நீங்க நெட் கம்பெனிக்குப் போன் போடுங்க, நாங்களும் போடுறோம்."

"போடும்மா!" என்று ஒரு கிழவர் கூவினார். அடுத்த தெருவில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் உருளைகளை விட்டுவிட்டு வந்தார்கள். ஏணியின் மேல் ஒவ்வொருவராக அமர, யாரோ கெட்டில் நிறையத் தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பணியாரமும் கொண்டுவந்தார்கள். கிதொங்கா வண்டிக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு யாருக்கோ எண்களை அழுத்தினார்.

நஃபூலாவின் கைப்பேசி அடித்தது. சிமியு.

"மேல யாரு ஏறினா?" குரலில் பயம்.

பராக்காவின் அம்மா மண்டாசியைப் பிட்டு அவள் கையில் வைத்தாள்.

"யாரும் ஏறலைய்யா" என்றாள் நஃபூலா. "எல்லாரும் உக்காந்திருக்கோம்."